வலதுபக்கத்து ஓரம்

மே 10, சனி. நாக்ஸோஸ் தீவு

கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை வரிசையாக நின்ற வாடகைக் கார்கள். எல்லாம் குட்டிக் கார்கள். டயர்கள் பரவாயில்லை.

அறைக்கு வந்ததும் மனைவி வசந்தாமணி பெட்டியிலிருந்து அரிசிக் குக்கரை எடுத்து, கிரேக்க நாட்டுப் பிளக் பாயிண்டில் பொருந்துகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். நான் தீவின் வரைபடத்தைக் கட்டிலில் விரித்தேன். அவரவருக்கு அவரவர் கவலை.

இந்த டைரி லாரி உரிமையாளர் சங்கம் கொடுத்தது. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஜனவரி பிறந்தால் பழைய பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு டைரி வந்துவிடுகிறது. இதுவரை எந்த வருஷத்து டைரியிலும் ஒரு வரி எழுதியதில்லை. இதில் எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது.

மகள் தாரணி ஃபிராங்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கார் ஓட்டுவார், நாங்கள் பின்னால் உட்கார்ந்து தீவைப் பார்க்க வேண்டும் என்பது அவள் போட்ட திட்டம். மாப்பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா, அங்க பஸ் இருக்குது" என்றாள். பஸ்ஸாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஆயிரக்கணக்கான லாரிகளைச் சோதித்தவனை, ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் கொடுத்தவனை, பஸ்ஸில் ஏறச் சொல்கிறாள்.

அவள் மனதில் ஓடுவது வேறு. பொங்கலுக்கு வந்திருந்தபோது, "இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்ப்பா, ஒரு டிரைவர் வெச்சுக்கலாம்" என்று பேச்சை எடுத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டு கேட் தூணில் கார் லேசாக உரசியிருந்தது. அந்தத் தூண் எப்போதும் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டுதான் நிற்கும்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கார் எடுக்கிறேன். தீவின் வடக்கு முனையில், பழங்காலத்துக் கல்குவாரி ஒன்றில், பாதி செதுக்கிய ராட்சதச் சிலை மல்லாந்து கிடக்கிறதாம். அதுவரைக்கும் மலைப்பாதை. அங்கே நானே ஓட்டிப் போய், காரோடு போட்டோ எடுத்துத் தாரணிக்கு அனுப்புவேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா? அதற்கப்புறம் கார் சாவியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

மே 11, ஞாயிறு

வாடகைக் கார் கடை இன்று விடுமுறை. ஹோட்டலின் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். கண்ணாடியை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்தால் யாருக்குத்தான் தெரியும்? காலையும் இரவும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. வறட்சிக்கு.

மே 12, திங்கள்

கார் கிடைத்துவிட்டது. நீல நிறம், கையால் கியர் போடும் வண்டி. கடைக்காரர் பெயர் ஸ்டெலியோஸ். கனத்த மீசை, நிதானமான ஆள். அவர் சாவியை நீட்டினார். நான் வாங்காமல் வண்டிக்கு எஃப்.சி. போடுவதுபோல் சுற்றி வந்தேன். டயரின் பள்ளம் பார்த்தேன், பிரேக் மிதித்தேன், ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பிடித்து அசைத்தேன், படுத்து அடியில் ஆயில் கசிவு பார்த்தேன். ஸ்டெலியோஸ் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியில், "பாஸா?" என்றார். பாஸ் என்றேன். நல்ல வண்டி, உண்மையைச் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது வசந்தா, "ரெண்டாவது டிரைவர்னு எம் பேரையும் எழுதச் சொல்லுங்க" என்றாள். இவள் என்றைக்கோ எடுத்த லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறாளே தவிர, வண்டியைத் தொட்டதில்லை. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட் நான் வாங்கியபோது தானும் ஒன்று வாங்கிக்கொண்டாள். "எதுக்கு?" என்றேன். "எதுக்கும் இருக்கட்டுமுங்க" என்றாள். ஜனவரியிலிருந்து விடிகாலையில் நடக்கப் போகிறாள், அதிலிருந்து இவளுக்குத் தெம்பு கூடிவிட்டது. சரி என்று எழுதச் சொன்னேன்.

பிறகு எலுமிச்சம்பழம். புதுவண்டியோ வாடகை வண்டியோ, முதலில் எடுக்கும்போது நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து ஏற்றாமல் நான் கிளம்பியதில்லை. காலையிலேயே சந்தையில் வாங்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, மிச்சக் கையெழுத்துக்காக உள்ளே போனேன். திரும்பி வந்தால் பழங்களைக் காணவில்லை. ஸ்டெலியோஸின் மனைவி நாலையும் பொறுக்கி, கழுவி, ஒரு கவரில் போட்டு நீட்டினார். பை கிழிந்து உருண்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார். அந்த அம்மாவிடம் என்னவென்று விளக்குவது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். பழம் நசுங்காமலே வண்டி கிளம்பியது.

திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. நாளைக்குள் கை பழகிவிடும்.

மே 13, செவ்வாய்

தெற்குக் கடற்கரைகளைப் பார்த்தோம். தண்ணீர் அவ்வளவு நீலம். வசந்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கி நின்றாள்.

ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. இவள் வாய்தான் ஓயவில்லை. இங்கே ஸ்டியரிங் இடதுபக்கம், அவள் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறாள். லாரியில் கிளீனர் பையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரல் கொடுப்பானே, அதே வேலையை எடுத்துக்கொண்டாள். "ஓரத்துல கல்லுங்க." "ஆடு வருது, ஆடு." "சித்த அந்தப் பக்கமாப் போங்க." "சைக்கிள்காரர் போறாரு, பாத்துக்கங்க."

"எனக்குத் தெரியாதா? நான் பாத்துட்டுத்தான் ஓட்டறேன்" என்றேன். "செரிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த திருப்பத்தில் மறுபடியும், "சுவரு, சுவரு."

வலதுபக்கத்துக் கண்ணாடி ஒருமுறை மடங்கியது. புதர்.

சாயங்காலம் தாரணி போனில் கூப்பிட்டாள். வசந்தா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "உருளைக்கிழங்கு இங்க நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றாள். ராத்திரி எலுமிச்சை சாதம் செய்தாள். கவரில் இருந்த நாலு பழங்களைத் தொடவில்லை, வேறு பழம் வாங்கியிருக்கிறாள். "அத எதுக்குச் சேத்து வெச்சிருக்கறே?" என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

மே 14, புதன்

ஓய்வு. அவள்தான் வேண்டாமென்றாள். மருந்து விட்டாயிற்று.

மே 15, வியாழன்

இன்றைக்குச் சிலை வரைக்கும் போகவில்லை. நாளை போகலாம்.

காலையில் மலையேறினோம். பாதை அருமை. நம் ஊர்போல் பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்குப் போய் எடுத்தேன், கொல்லிமலையில் எடுப்பதுபோல். வழியெல்லாம் ஆலிவ் மரம், சரிவுகளில் பளிங்குக்கல் வெட்டிய வெள்ளைத் தழும்புகள். ஏற்றத்தில் வண்டி கொஞ்சமும் திணறவில்லை.

நடுவில் ஒரு மலைக்கிராமம். சாலை அங்கே குறுகி, வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் போகிறது. ஒரு காபிக்கடையில் மேசை நாற்காலிகளைச் சாலையிலேயே போட்டிருந்தார்கள். அதில் ஒரு நாற்காலியில் கார் பட்டுவிட்டது. நாற்காலியின் கால் உடைந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கடைக்காரப் பெண் அதில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள், யாரோ கூப்பிட்டதும் அப்போதுதான் உள்ளே போயிருக்கிறாள். மேசைமேல் பாத்திரத்தில் பாதி உரித்த பட்டாணி அப்படியே இருந்தது.

அந்தப் பெண் வெளியே ஓடி வந்தாள். திட்டவில்லை. வசந்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்காலிக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன், தலையை மேலே தூக்கி வேண்டாம் என்றாள்.

வசந்தா, "நாற்காலி, நாற்காலி" என்று முன்னாடியே சொன்னாள். நானும், "பாத்துட்டேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒரு குரலும் கொடுக்கவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருந்தாள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன்.

சாலையில் நாற்காலி போடுவது தவறு. எந்த நாடாக இருந்தாலும் தவறு.

மே 16, வெள்ளி

காலையில், "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டு, அந்தக் கிராமத்துக்குப் பஸ்ஸில் போனேன். தாரணிக்கு இது தெரிய வேண்டாம்.

விபத்து நடந்தால் போலீஸ்காரர்கள் கூப்பிடுவார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியைப் பார்க்க வேண்டும், இடத்தைப் பார்க்க வேண்டும், அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனையோ கொடுத்திருக்கிறேன். நேற்று நடந்ததையும் அப்படிப் பார்த்துவிட்டால், நாற்காலி சாலையில்தான் இருந்தது என்று வசந்தாவிடம் அடித்துச் சொல்லலாம். அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

இடம் அப்படியே இருந்தது. சாலையின் தார் முடிந்து, கடையின் இடம் பளிங்குப் பலகையில் தொடங்குகிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும் எல்லை. நாற்காலிக் காலின் சிம்புகள் பளிங்குமேல், நன்றாக உள்ளே கிடந்தன. டயர் ஏறிய கறுப்புத் தடமும் பளிங்குமேல்தான்.

அதற்கு முன்னால் இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் நீலக் கோடு. எங்கள் கார் நிறம். கிராமத்துக்குள் நுழையும் இடத்திலேயே அது தொடங்கி, ஓரிடத்தில் விட்டு, மறுபடி தொடங்கி, நாற்காலி வரை வந்தது. அந்தச் சத்தம் நேற்று எனக்குக் கேட்டது. டயரில் சரளைக்கல் அரைபடுகிறது என்று நினைத்தேன்.

கடைக்காரப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வேறு நாற்காலி கொண்டுவந்து அதே இடத்தில் போட்டு, உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் என் எதிரே மேசைமேல் ஒரு காபிக் கோப்பை இருந்தது. அவள் வலதுபக்கமாக வந்து வைத்திருக்கிறாள். வந்ததும் தெரியவில்லை, குனிந்ததும் தெரியவில்லை. கோப்பையை விட்டு விலகும் கை மட்டும் தெரிந்தது.

நேராகச் சாலையைப் பார்த்தபடி இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். சாலை இல்லை. மேசை இல்லை. மங்கலாக ஒரு சாம்பல் நிறம், நடுவில் பொட்டுப்போல் கொஞ்சம் வெளிச்சம். ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது. என்ன வண்டி என்று தெரியவில்லை.

சேலத்தில் கண் டாக்டர் சொன்னது வறட்சி இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார். மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான், போனது திரும்பாது என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். அவரிடம், "ஊர்ல நல்லாத்தான் ஓட்டிட்டு இருக்கறேன்" என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

ஊரில் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அங்கே ஓரம் இடதுபக்கம். ஆடு, மாடு, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் இடதுபக்கம், நல்ல கண்ணின் பக்கம். வலதுபக்கமாக வருகிறவன் எவனும் ஹாரன் அடிக்காமல் வரமாட்டான். நான் காதால் ஓட்டியிருக்கிறேன். இங்கே ஓரம் வலதுபக்கம். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. பட்டாணி உரிக்கிற பெண் எதற்கு ஹாரன் அடிக்க வேண்டும்?

எங்கள் அறிக்கையில் கடைசி வரி ஒன்று உண்டு. "வாகனத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை." அந்த வரியை எழுத நான் தயங்கியதில்லை. அதன் அர்த்தம் எல்லா டிரைவருக்கும் தெரியும். வண்டிமேல் தப்பில்லை என்றால் தப்பு யார்மேல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சில பேர் காலில் விழுந்திருக்கிறார்கள், பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள் சார் என்று. நான் எழுதியதில்லை.

அறைக்கு வந்தேன். வசந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாவியை அவள் முன்னால் வைத்தேன்.

"எடத்தப் பாத்துட்டு வந்தேன். தப்பு எம் மேலதான். வலது கண்ணு சுத்தமாத் தெரியல."

"தெரியுமுங்க" என்றாள், மடிப்பதை நிறுத்தாமல்.

"என்னன்னு தெரியும்?"

"நீங்க கோவிச்சுட்டு வெளிய போனப்பொறவு டாக்டரு என்னை நிக்கச் சொல்லி எல்லாத்தையும் சொன்னாருங்க."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"சொன்னா கேப்பீங்களா? தாரணி ஒரு வார்த்தை சொன்னதுக்கே நாலு நாள் சோறு எறங்கல உங்களுக்கு. நானே பக்கத்துல உக்காந்து சத்தம் போட்டுட்டு வந்தா ஒப்பேத்திரலாம்னு நெனச்சேன். அந்தப் பட்டாணியப் பாத்தப்பொறவு எனக்கு உசுரே இல்லீங்க. அவ எந்திரிச்சுப் போகாம இருந்திருந்தா?"

கட்டிலில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இந்த ஒரு வாரமும் அவள் என்னை நம்பாமல், என்னை விட்டும் போகாமல், அந்த வலதுபக்கத்துச் சீட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"சிலையப் பாக்காமயே போயிரலாம்" என்றேன்.

"ஏன் பாக்காமப் போவணும்? நான் ஓட்டறேன்."

"நீயா?"

"காலையில நடக்கப் போறேன்னு போனதெல்லாம் மோகனூர் ரோட்டு டிரைவிங் ஸ்கூலுக்குங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு மாஸ்டர்கிட்டச் சத்தியம் வாங்கிட்டேன். அவருக்கு உங்களைக் கண்டா இன்னும் பயம்."

"அங்க எடது கையில கியரு. இங்க வலது கையில போடணும்."

"சோறு திங்கற கைதானுங்களே" என்றாள்.

மே 17, சனி

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, கவரில் இருந்த நாலு எலுமிச்சம்பழங்களை எடுத்தேன். நாலு டயருக்கு முன்னாலும் நானே குனிந்து வைத்தேன். வலதுபக்கத்து இரண்டையும் கையால் டயரைத் தடவிப் பார்த்து வைத்தேன். வசந்தா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தாள். நாலும் நசுங்கின. சத்தம் நன்றாகக் கேட்டது.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நிறுத்தச் சொன்னேன். "பின்னால எறங்காம எடு" என்றேன். மேட்டில் நிறுத்திய வண்டி ஓர் அடிகூடப் பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். பரீட்சைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போவார்கள். முதல் முறை என்ஜின் அணைந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கை பிரேக்கைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மெல்ல விட்டு, வண்டி முனகும் இடத்தில் பிரேக்கை எடுத்தாள். உருளவில்லை.

"பாஸா?" என்றாள், ஸ்டெலியோஸ் மாதிரியே.

"ஓட்டு, ஓட்டு."

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாள். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. ஒரு விவசாயி தெரிந்தவர்கள்தானோ என்று கையை ஆட்டினார். "இங்க ஹாரன் அடிக்க வேண்டியதில்ல வசந்தா. உனக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பிறகு அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கிராமத்தில் நிறுத்தி ஒரு புது நாற்காலியைக் கொடுத்தோம். டவுனில் வாங்கிப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோயிருந்தோம். கடைக்காரப் பெண் இந்த முறை மறுக்கவில்லை. அதில் வசந்தாவைத்தான் முதலில் உட்காரவைத்தாள்.

வடக்கு முனைக்கு மதியத்தில் போய்ச் சேர்ந்தோம். சிலை மலைச்சரிவில் மல்லாந்து கிடக்கிறது. லாரி நீளம் இருக்கும். தாடி இருப்பதுபோல் தெரிகிறது, கை இருப்பதுபோல் தெரிகிறது. கல்லில் விரிசல் விழுந்ததால் செதுக்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்கிறார்கள். வசந்தா முகத்தருகே போய் நின்று பார்த்தாள்.

"இதுக்கு இன்னும் கண்ணு தொறக்கலையாட்ட இருக்குதுங்க" என்றாள். நம் ஊரில் சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. இவனுக்கு அந்த முறை வரவேயில்லை.

"இருந்தாலும் இத்தன பேரு வந்து பாக்கறாங்க" என்றேன்.

போட்டோ எடுத்தேன். சிலையோடு இல்லை. காரில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வசந்தா. தாரணிக்கு அனுப்பினேன். உடனே போன் அடித்தது. "அம்மாவாப்பா ஓட்டறாங்க?" என்றாள். "ஆமா. நல்லா ஓட்டறா. நான் இனி ஓட்டறதில்ல" என்றேன். மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மே 18, ஞாயிறு

காரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. விடுமுறை நாளானாலும் எங்கள் கப்பலுக்காக ஸ்டெலியோஸ் கடையைத் திறந்திருந்தார்.

வண்டியைச் சுற்றி வந்து, வலதுபக்கக் கீறலின் முன்னால் நின்றார். பின்கதவு வரைக்கும் ஓடும் கீறல், மறைக்க முடியாது. யார் ஓட்டியது என்று கேட்டார். வசந்தா என் காதருகே, "நான்னு சொல்லிரட்டுங்களா? புதுசா ஓட்டறவளாச்சேன்னு விட்டுருவாங்க" என்றாள்.

நல்ல மனிதர் ஸ்டெலியோஸ். நான் வாய் திறக்கும் முன்பே எங்களுக்கு ஒரு வழியும் காட்டினார். அந்த மலைப்பாதை மோசம், இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது உண்டு, அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள், உங்களுக்கும் தலைவலி இல்லை எனக்கும் இல்லை என்று பேனாவை நீட்டினார். வயதானவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார்.

பேனாவை வாங்கி, மேசைமேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரேக் நன்றாக இருக்கிறது. ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது. டயர் நன்றாக இருக்கிறது. ஓட்டியது நான். எனக்கு வலது கண் தெரியாது. வாகனத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை.

அவர் தலையசைத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினார். நான் பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டேன். சாவி அங்கே இல்லை. வசந்தா கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.